உப்பாற்றங்கரைத் தோட்டவீடு

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோர்க்குத் தென்னந்தோட்டம் புதுமையன்று. ஆயினும், வாவியைக் காண்பதற்கென்றே வருவாய் தரும் மரங்களை ஒருவர் வெட்டி அகற்றினார் என்றால் அவர்கள் வியப்பர். இது நிகழ்ந்தது தீவின் மறு பக்கத்தில், பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள தெத்துவ வாவிக்கரையில். தோட்டத்தின் பெயர் லுணுகங்கை. லுணு என்றால் சிங்களத்தில் உப்பு, கங்கை ஆறு. கிழக்கில் வழங்கும் 'உப்பாறு' என்ற பெயரேதான்.

ஒல்லாந்தர் காலத்தில் அங்கே கறுவா விளைந்தது; ஆங்கிலேயர் காலத்தில் இறப்பர். 1948இல் தோட்டத்தை வாங்கிய ஜெப்ரி பாவா அப்போது கட்டடக் கலைஞர் அல்லர், வழக்கறிஞர். இத்தாலியில் ஏரிக்கரை மாளிகையொன்றை வாங்க எண்ணி, அது கைகூடாமல் திரும்பியவர். தோட்டத்தைத் திருத்தப் புகுந்தபோதுதான் தம் அறிவு போதாதென்று கண்டு, இலண்டனிற் கற்று, 1957இல் தகுதி பெற்றார். பிற்காலத்தில் இலங்கை நாடாளுமன்றக் கட்டடத்தை வரைந்த கைக்கு முதற் பள்ளிக்கூடம் இத்தோட்டமே.

பழைய வீட்டை அவர் இடித்துவிடவில்லை. அதன் வாயிலை மாற்றி, வீட்டின் முகத்தையே திருப்பினார். எதிரேயுள்ள கறுவாக் குன்றின் உச்சியைத் தாழ்த்தி, இறப்பர் மரங்களை அகற்றினார். இன்று வீட்டருகே நின்று நோக்குபவர் கண்ணுக்குப் புற்சரிவு தோன்றும், அதன்மேல் ஒரு மகிழ மரம், மரத்தடியில் பெரிய சீனச் சாடி, அப்பால் வாவி, அதற்கும் அப்பால் வெண்ணிறத் தாதுகோபம். தாதுகோபம் பிறருடையது. எனினும் காட்சியில் அதுவும் தோட்டத்தின் உறுப்பாகிவிட்டது! சாடியோ கண் சற்றே தங்கிச் செல்வதற்கென வைக்கப்பட்டது. ஈழத்தலரிக் கிளைகள் தாழ்ந்து விரிந்திருப்பதும் தற்செயலன்று. பாரம் கட்டி வளைக்கப்பட்டவை அவை.

இத்தகைய இடத்தைப் பேணுவது கோட்டையைப் பேணுவது போன்றதன்று. புளியந்தீவுக் கோட்டை மதில் சிலகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் மதிலாகவே நிற்கும். கறுவாக் குன்றிலோ சில மழைக்காலம் கத்தி படாதிருந்தால் காடு எழும், வாவி மறையும். காண்போர் இயற்கை என்று வியப்பது தோட்டக்காரரின் அன்றாட உழைப்பு.

2003இல் பாவா மறைந்தார். அவருடைய சாம்பல் கறுவாக் குன்றிலே உள்ளது. இப்போது அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை தோட்டத்தைப் பேணி, பார்வையாளரை வழிகாட்டியுடன் அனுமதிக்கிறது. கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வாவுக்காகப் பாவா கட்டிய வீடும் இடிபடும் நிலையினின்று தப்பி, பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, இங்கே மீண்டும் எழுப்பப்பட்டிருக்கிறது. வருவோர் அதையும் கண்டு செல்லலாம்.