பதிவேட்டுப் பொருத்தமும் வறியோர் உரிமையும்

வறியோர்க்கு அரசு அளிக்கும் உதவி தகுதியுடையார்க்கே சென்று சேர்தல் வேண்டும். தகுதியுடையார் எவரும் அதனை இழத்தலும் ஆகாது. இவ்விரண்டையும் ஒருங்கே காக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கையாளப்படும் முறையே பதிவேட்டுப் பொருத்தம். அஃதாவது, ஓர் அலுவலகத்திற்கு வரும் விண்ணப்பத்தைப் பிறிதோர் அலுவலகத்தின் பதிவேட்டோடு கணினி வாயிலாக ஒப்புநோக்குதலாம்.

வறிய குடும்பங்களின் தொலைபேசிக் கட்டணத்தைக் குறைக்க அந்நாட்டில் 1985ஆம் ஆண்டு ‘லைஃப்லைன்’ என்னும் திட்டம் தோன்றியது. 2016ஆம் ஆண்டின் ஆணை, இணையச் சேவையையும் அதனுட் சேர்த்தது. இணையக் கட்டணத்தில் பொதுவாக மாதம் 9.25 டாலர் வரை கழிவு உண்டு. அரசு வகுத்த வறுமை வரம்பில் 135 விழுக்காட்டிற்கு மிகாத வருவாயுடையோரும், மெடிக்கெய்டு எனப்படும் மருத்துவ உதவி, உணவு உதவி முதலியன பெறுவோரும் இதற்குரியர்.

முன்னர்ப் பல மாநிலங்களில் தகுதியைச் சோதிக்கும் பொறுப்பு தொலைபேசி நிறுவனங்களிடமே இருந்தது. ஆள் சேரச் சேர வருவாய் பெறுவோரே தகுதியையும் முடிவு செய்தனர். காங்கிரஸ் அவைக்குரிய தணிக்கை அலுவலகம் 2017இல் ஆராய்ந்தபோது, 35 இலட்சம் பேருள் ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் தகுதியை உறுதிசெய்ய இயலவில்லை. உறுதிசெய்ய இயலாமை வேறு, தகுதியின்மை வேறு என்பது ஈண்டு நினையத்தக்கது.

2018இல் தேசியச் சரிபார்ப்பு அமைப்பு செயற்படத் தொடங்கியது. விண்ணப்பிப்பவரின் பெயர், பிறந்த நாள், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண்ணின் இறுதி நான்கு இலக்கங்கள் ஆகியன கொண்டு, உதவி வழங்கும் அலுவலகங்களின் ஏடுகள் தேடப்படும். மெடிக்கெய்டு ஏட்டினின்று ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்னும் விடையே வரும். நோய் பற்றிய செய்தி ஏதும் வெளிப்படாது. 2021இன் இறுதியில் தொடங்கி, 2 கோடியே 30 இலட்சம் குடும்பங்கட்கு மேல் சேர்ந்து, நிதியின்மையால் 2024 ஜூன் திங்களில் முடிவுற்ற பெரிய இணைய உதவித் திட்டத்திற்கும் இவ்வமைப்பே பயன்பட்டது.

எனினும், ‘இல்லை’ என்னும் விடைக்குக் காரணங்கள் பலவாம். பெயரில் ஓர் எழுத்துப் பிறழ்ந்திருக்கலாம், வீடு மாறியிருக்கலாம், தேவையான ஏடு அமைப்போடு இணைக்கப்படாமலும் இருக்கலாம். ஆதலின், பொருந்தாதோர் உரிய சான்றுகளை அனுப்பித் தம் தகுதியை நிறுவ இடமுண்டு. பொருத்தத்தை மட்டுமே கொண்டு ஒருவரது உதவியை நிறுத்தலாகாது, முன்னறிவித்து மறுப்புரைக்க வாய்ப்பளித்தல் வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டுக் கணினிப் பொருத்தச் சட்டத்தின் நெறி.

கணினி விரைந்து தேடும். ஏட்டிலுள்ள பிழையை அது அறியாது. அது தரும் ‘இல்லை’ விசாரணையின் தொடக்கமேயன்றி முடிவன்று. இதனை அலுவலர் உணர்ந்து நடப்பதே வறியோர்க்கு அரணாகும்.