இழுப்பறையைக் கவிழ்த்துப் பாருங்கள்

புதுச்சேரியில் பழைய அலமாரி வாங்கப் போகிறவர்கள் 1761 என்ற ஆண்டை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைவது நல்லது. அந்த ஆண்டு ஜனவரியில் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டையையும் அதைச் சுற்றியிருந்த பிரெஞ்சு மாளிகைகளையும் அவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் நகரம் திரும்பக் கிடைத்தபோது பிரெஞ்சு கவர்னர் ழான் லா தெ லொரிஸ்தோன் ஏறக்குறைய அடித்தளத்திலிருந்து எல்லாவற்றையும் எழுப்ப வேண்டியிருந்தது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு போல வெகு சில கட்டடங்களே அந்த அழிவிலிருந்து தப்பின. ஆகவே “இது டூப்ளே காலத்துச் சாமான்” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். டூப்ளே இங்கே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. அந்தக் காலத்து மரச்சாமான் 1761ஐத் தாண்டி முழுசாக வந்து கடை வாசலில் நிற்பது அரிதிலும் அரிது.

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1950கள் வரை செய்யப்பட்டவை. அதில் ஏமாற்றமடைய ஒன்றுமில்லை. பர்மாத் தேக்கு தாராளமாக வந்த காலம் அது. கையால் இழைத்துக் கையால் மூட்டுப் போட்ட ஆசாரிகள் ஊருக்கு ஊர் இருந்த காலமும் அதுதான். கடலோரத்துப் பிரெஞ்சு வீடுகளிலிருந்து வந்த உயரமான இரட்டைக் கதவு அலமாரிகள், சாப்பாட்டு அறையில் நின்ற குள்ளமான பீங்கான் அலமாரிகள், கண்ணாடிக் கதவு வைத்த புத்தக அலமாரிகள் ஒரு பக்கம். பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் வீடுகளின் சுவர் அலமாரிக் கதவுகள், கனத்த மரப்பெட்டிகள், பாலும் பலகாரமும் வைக்கக் கம்பிவலை அடித்த அலமாரிகள் இன்னொரு பக்கம். இவற்றோடு செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சாமான்களும் கலந்து நிற்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கைமாறும் பழைய பொருள்கள் நெடுந்தூரம் பயணப்படுகின்றன. எனவே புதுச்சேரியில் வாங்கினால் புதுச்சேரிச் சாமான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பார்க்கத் தொடங்கும்போது முகப்பை விட்டுவிடுங்கள். பளபளப்பும் செதுக்கலும் பித்தளைக் குமிழும் எந்தக் காலத்திலும் சேர்க்கக்கூடியவை. முதுகுப் பலகையையும் அடிப்பாகத்தையும் இழுப்பறையின் உட்புறத்தையும் அழகுபடுத்த யாரும் மெனக்கெடுவதில்லை. அலமாரியின் வயது அங்கேதான் தெரியும். கையில் ஒரு டார்ச், ஒரு வெர்னியர் அளவி, ஓர் அளவுநாடா இருந்தால் போதும்.

இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில், ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்தில் விரிந்து உட்கார்ந்திருக்கும். இதுதான் புறாவால் மூட்டு. பல் நுனியில் அகன்றும் அடியில் குறுகியும் இருப்பதால், எத்தனை முறை இழுத்தாலும் முன்பலகை பிடுங்கிக்கொண்டு வராது. ஆணி தேவையே இல்லை. கையால் வெட்டிய மூட்டில் பற்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று சற்றே பருத்திருக்கும், இன்னொன்று சற்றே சாய்ந்திருக்கும். பள்ளம் எங்கே முடிய வேண்டும் என்று ஆசாரி கீறிய மெல்லிய கோடு பக்கப்பலகையில் இன்னும் தெரியும். சில இடங்களில் வாள் அந்தக் கோட்டை ஒரு மயிரிழை தாண்டியிருக்கும். எல்லாப் பல்லும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் இயந்திரம் வெட்டியது. மூட்டே இல்லாமல் ஆணியடித்து ஒட்டியிருந்தால், முகப்பு எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அடிப்பலகையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். கைவாளால் அறுத்த பலகையில் கோடுகள் நேராகவும் சீரற்றும் ஓடும். வட்ட ரம்பத்தில் அறுத்ததில் அவை வில்லாக வளைந்திருக்கும். வட்ட ரம்பம் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. திருகாணியும் சாட்சி சொல்லும். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிவரை திருகாணியின் முனை மழுங்கியிருந்தது. கூர்முனை வைத்தவை அதன் பிறகே பெருவாரியாக வந்தன. தலையில் கூட்டல் குறி வெட்டிய திருகாணி 1930களுக்கு முன் புழக்கத்தில் இல்லை. அது இருப்பதாலேயே அலமாரி புதிது என்று சொல்லிவிட முடியாது, பிற்காலத்தில் பழுதுபார்த்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கீலிலும் அதுவே இருந்து, பழைய துளையின் தடமும் இல்லையென்றால் கடைக்காரர் சொல்லும் வயதை நம்பாதீர்கள். இரும்பாணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் நீலக் கறுப்புக் கறை படியும். கடற்காற்று வீசும் ஊரில் நூறு வயது ஆணிக்கு இந்தக் கறை இல்லாமலிருப்பது கடினம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை கடைசல் பிடித்த காலில் செய்வது. மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் அநேகமாகச் சுருங்கவே சுருங்காது. குறுக்கே, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைசல் எந்திரத்தில் கச்சிதமான வட்டமாகச் செதுக்கிய கால், பல பத்தாண்டுகளில் மிக மெல்லிய நீள்வட்டமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. வெர்னியர் அளவியால் ஒரு பக்கம் அளந்து, கால்வட்டம் திருப்பி மறுபடி அளந்தால் வித்தியாசம் தெரியும். செயற்கையாகப் பழமையேற்றுகிறவர்களால் இதை எளிதில் செய்துவிட முடியாது.

அலமாரிக் கதவின் அமைப்புக்கும் இந்தச் சுருக்கமே காரணம். பழைய கதவு ஒரே பலகையாக இருக்காது. நான்கு சட்டங்களைக் கோத்து, உட்புறம் காடி எடுத்து, அந்தக் காடிக்குள் நடுப்பலகையைச் செருகியிருப்பார்கள். பலகைக்குப் பசை தடவ மாட்டார்கள், ஆணி அறைய மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஈரத்தைக் குடித்து அகலும். கத்திரி வெயிலில் சுருங்கும். காடிக்குள் அசைய இடம் இருப்பதால் வெடிக்காது. கோடையில் பலகையின் ஓரத்தில் பாலிஷ் படாத ஒரு மெல்லிய கோடு வெளியே தெரிந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள், கதவு சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். “லூசாக ஆடுகிறதே” என்று யாரோ பலகையைப் பசை போட்டு இறுக்கிய கதவுதான் நடுவில் பிளந்து நிற்கும்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாக. இங்கே அதிகம் காண்பது தேக்கு, அடுத்து ஈட்டி, பலாவும் உண்டு. ஈட்டி தேக்கைவிட நன்றாகவே கனக்கும். தேக்குக்கு அடர் சாயம் ஏற்றி ஈட்டி என்று விற்பதுண்டு. சாயம் ஏறாத உட்புறமும், எடையும் உண்மையைச் சொல்லிவிடும். மேல்பாதியும் கீழ்பாதியும் வெவ்வேறு அலமாரிகளிலிருந்து வந்து ஒன்றாக்கப்பட்டிருப்பதும் சகஜம். இரண்டின் முதுகுப் பலகைகளையும் ஒப்பிட்டால் மரம், தடிமன், இழைத்த விதம் மூன்றில் ஒன்றாவது காட்டிக்கொடுக்கும். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இனங்களின் பன்னாட்டு வணிகத்துக்கு 2017 முதல் தனிக் கட்டுப்பாடும் இருக்கிறது. பாரீசிலிருக்கும் மகளுக்கு அனுப்பலாம் என்று வாங்குகிற குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

பூச்சி விஷயத்தில் மட்டும் தயவுதாட்சண்யம் கூடாது. தேக்கின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது. வெளிறிய வெளிப்பகுதியை உளுத்துப்போக வைக்கும். துளை இருப்பதாலேயே ஆபத்து என்று அர்த்தமில்லை. துளையின் உட்புறம் இருண்டு தூசி படிந்திருந்தால் அது பழைய கதை. உட்புறம் பளிச்சென்று வெளுத்திருந்து, தட்டினால் மாவு போன்ற தூள் கொட்டினால் உள்ளே வண்டுப்புழு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரச்சாமான்களுக்கும் பரவும். கால்களின் அடியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். நம் வீடுகளில் தரையைத் தினமும் தண்ணீர் விட்டுத் துடைப்பதால் முதலில் இற்றுப்போவது அந்த இரண்டு அங்குலம்தான். இற்ற பகுதியை வெட்டிவிட்டு அதே மரத்தில் ஒட்டுப் போட்டிருந்தால் தயங்காமல் வாங்கலாம். நேர்மையான பழுதுபார்ப்பு அலமாரியின் மதிப்பைக் குறைப்பதில்லை என்பது என் கருத்து.

மதிப்பைக் குறைப்பது உப்புத்தாள். பழைய அலமாரிகளின் மேல் இருப்பது பெரும்பாலும் அரக்குப் பாலிஷ். மரங்களில் வாழும் அரக்குப் பூச்சியின் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டணத்தால் நூற்றுக்கணக்கான முறை தேய்த்து ஏற்றியது. மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தடவினால் அரக்கு இளகி ஒட்டும். இன்றைய பாலியூரித்தேன் பூச்சு அசையாது. அரக்குக்குச் சூடும் ஆல்கஹாலும் ஆகாது, காப்பி டம்ளர் வெள்ளை வளையம் போட்டுவிடும். ஆனால் புதிய அரக்குப் பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும் என்பதால், சுரண்டாமலே மங்கிய இடத்தைச் சரிசெய்யலாம். பாலியூரித்தேன் பழுதானால் பெரும்பாலும் மொத்தத்தையும் தேய்த்தெடுக்க வேண்டியதுதான், மரத்தின் பழைய நிறமும் அதோடு போய்விடும். புதுசு போல ஆக்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் அலமாரியை விடாதீர்கள்.

வாங்குமுன் வீட்டை அளந்துவிடுங்கள்: வாசற்கால், மாடிப்படியின் திருப்பம், மேற்கூரை உயரம். பெரிய இரட்டைக் கதவு அலமாரிகள் பலவற்றில் மேற்கொடுங்கையும் கதவுகளும் தனியாகக் கழன்று வரும். கழற்றும்போது ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் எண் போட்டுப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையை ஹேங்கரில் மாட்ட வேண்டுமானால் உள்ளே 55 செ.மீ. ஆழமாவது வேண்டும். வேட்டியும் சேலையும் மடித்து வைக்கச் செய்த பழைய அலமாரிகளில் பலவற்றுக்கு அது இருக்காது, அவற்றில் தட்டுகளை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், மழைக்காலத்தில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் கசியும். ஏசி காற்று நேரே படும் இடத்தில் நிறுத்தாதீர்கள். கால்களுக்கு அடியில் பித்தளைத் தகடோ கல்துண்டோ கொடுங்கள். உடைந்த குமிழ், கழன்ற பூட்டு, பெயர்ந்த துண்டு எதையும் தூக்கிப் போடாமல் ஒரு துணிப்பையில் கட்டி இழுப்பறையிலேயே வைத்திருங்கள். நல்ல ஆசாரி கிடைக்கும் நாளில் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.