நுவரெலியாக் குளிரும் என்ஜினின் கணக்கும்

ஜனவரி அதிகாலைகளில் நுவரெலியாத் தேயிலைச் செடிகளில் உறைபனி படிவதுண்டு. அந்த வேளையில் காரை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே நெடுநேரம் உறும விடும் பழக்கம் பலருக்கு உண்டு. கார்புரேட்டர் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. எரிபொருளைக் கணினி கட்டுப்படுத்தும் பெற்றோல் காருக்கு அது தேவையில்லை, கெடுதலும்கூட. பெற்றோல் ஆவியானால்தான் எரியும். 1 கிலோ பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். குளிர்ந்த என்ஜினிலோ, தெளிக்கப்படும் பெற்றோலில் ஒரு பங்கு உள்குழாயிலும் சிலிண்டர் சுவரிலும் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது; ஆவியாகும் மிச்சம் ஒழுங்காகத் தீப்பிடிக்கப் போதாது. எனவே கணினி, குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைச் சென்சர் மூலம் அறிந்து இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. சூடு ஏற ஏற அந்த மிகையைக் குறைக்கிறது. புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சர் சுமார் 300 பாகை செல்சியஸ் சூடேறும் வரை நம்பகமான தகவல் தராது; அதுவரை தயாரிப்பாளர் எழுதிவைத்த அட்டவணைதான் கணினிக்கு வழிகாட்டி.

நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறதே, அங்கே காற்று மெலிந்ததால் என்ஜின் திணறாதா என்று கேட்கலாம். அங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். மெலிந்த காற்றுக்குப் பெற்றோலும் குறைவாகவே வேண்டும். குளிர்ந்த உலோகத்துக்கோ அதிகம் வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாது, மலையேறினால் பெற்றோல் மிகுந்து கரும்புகை கக்கும். கணினி காற்றின் அளவை ஒரு சென்சரிலும் நீரின் வெப்பத்தை இன்னொன்றிலும் அறிந்து, இரண்டு திருத்தங்களையும் தனித்தனியே செய்கிறது.

குளிரில் எண்ணெய் தடித்திருக்கும் என்ற வாதம் நியாயமானது. ஆனால் எண்ணெய் அழுத்தம் சில நொடிகளில் வந்துவிடும். அரை நிமிடம் பொறுத்து, என்ஜினை முறுக்காமல் நானுஓயாப் பக்கம் மெல்ல இறங்கினாலே போதும். சுமை இல்லாமல் நிற்கும் என்ஜின் மெதுவாகத்தான் சூடாகும். அத்தனை நேரமும் மிகைப் பெற்றோல் தொடர்கிறது. எரியாத பங்கு எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. புகைக்குழாயிலுள்ள வினையூக்கி சூடேறாததால் காபனோரொட்சைட்டும் அப்படியே வெளியேறுகிறது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் அறைகளின் வாசலில் நிறுத்தி உறும விட்டால், அதைச் சுவாசிப்பவர்கள் உள்ளே தூங்கும் குழந்தைகள். பழக்கத்தைக் கைவிட இது ஒன்றே போதிய காரணம்.

இவையெல்லாம் பெற்றோல் காருக்கே; கொழுந்து ஏற்றும் டீசல் லொறிகளுக்கு வேறு கணக்கு. பெற்றோல் காரில், வெகுதூரம் ஓடியும் வெப்பமுள் ஏறாமல் பெற்றோல் செலவு மட்டும் கூடினால், குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கக்கூடும். என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருப்பதால் கணினி மிகையாகவே ஊற்றிக்கொண்டிருக்கும். கராஜில் முதலில் தேர்மோஸ்டாட்டையும் நீர்வெப்பச் சென்சரையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.