நீர்வீழ்ச்சியடியில் நெரிசல்: விடுமுறைப் பயணம் விபரீதமாகாமல் இருக்க...

ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள். கிழக்கு மாகாணத்திலிருந்து எங்கள் சாச்சியின் குடும்பம் இரண்டு வான்களில் பதுளைக்கு வந்திறங்கியது. பெரியவர்களும் பிள்ளைகளுமாக மொத்தம் 22 பேர். வந்தவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள்ளேயே, "ராத்தா, எப்ப நீர்வீழ்ச்சிக்குக் குளிக்கப் போறது?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கடலோரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மலையிலிருந்து விழும் தண்ணீர் ஓர் அதிசயமல்லவா?

மறுநாள் காலை சோற்றுப் பொதிகளைக் கட்டிக்கொண்டு எல்ல – வெல்லவாய வீதியிலுள்ள இராவணா நீர்வீழ்ச்சிக்குப் புறப்பட்டோம். அங்கு போய்ச் சேர்ந்தபோது வீதியின் இரு மருங்கிலும் வாகனங்கள். வளைவுகளில்கூட பஸ்களை நிறுத்தியிருந்தார்கள். சோளம் விற்பவர்கள், படம் பிடிப்பவர்கள், பொதியைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்குகள் என்று கால் வைக்க இடமில்லை. தண்ணீருக்குள் கல் தெரியவில்லை; மனிதத் தலைகளே தெரிந்தன.

பெண்கள் நாங்கள் ஐந்து பேர் ஓரமாக ஒரு பாறையில் அமர்ந்தோம். பிள்ளைகள் கணுக்கால் அளவு நீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளையொன்று எங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றது. பொதியை அவிழ்க்கக் குனிந்து நிமிர்ந்தேன். பிள்ளையைக் காணவில்லை. அலறல் இல்லை, தண்ணீர் தெறித்த சத்தமும் இல்லை. பாசி படிந்த கல்லில் வழுக்கி, இரு பாறைகளுக்கு இடையிலிருந்த குழிக்குள் போயிருந்தது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த, யாரென்றே தெரியாத ஓர் இளைஞர் தன் காலில் ஏதோ பட்டதை உணர்ந்து கையை விட்டுத் தூக்கினார். பிள்ளை இருமியது, பிறகு அழுதது. அல்ஹம்துலில்லாஹ்! அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அன்று சோற்றுப் பொதிகள் அப்படியே வீடு திரும்பின. இரவெல்லாம் எனக்கு உறக்கமில்லை. இந்த மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்த நான், விருந்தினரை அழைத்துச் செல்லுமுன் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடயங்கள் எத்தனை! அவற்றை இப்போதாவது சகோதரிகளுக்குச் சொல்லி வைப்போம் என்றே இதனை எழுதுகிறேன்.

ஏன் இந்த நெரிசல்?

பதுளை மாவட்டம் நீர்வீழ்ச்சிகளின் மாவட்டம். இலங்கையிலேயே உயரமான பம்பரகந்த (263 மீற்றர்), அதற்கடுத்த தியலும (220 மீற்றர்) ஆகிய இரண்டும் இங்கேயே உள்ளன. பதுளை நகருக்கு அருகில் 64 மீற்றர் உயரமான துன்ஹிந்த. வீதியோரத்தில் 25 மீற்றர் உயரமான இராவணா. உயரத்தில் சிறியதானாலும், வாகனத்திலிருந்து இறங்கியதுமே தண்ணீரில் கால் வைக்கலாம் என்பதால் இராவணாவுக்குத்தான் கூட்டம் அதிகம்.

முன்பெல்லாம் கொழும்பிலிருந்து எல்லவுக்கு வருவதென்றால் மலைப்பாதையில் முழுநாள் பயணம். 2020ஆம் ஆண்டு பெப்ரவரியில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை மத்தளை வரை நீடிக்கப்பட்ட பின்னர், தலைநகரத்தார் வெல்லவாய வழியாக விரைவில் வந்துவிட முடிகிறது. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் கைத்தொலைபேசிப் படங்களில் பார்த்தவர்களெல்லாம் நேரிலும் பார்க்க விரும்புகிறார்கள். 2024இல் மாத்திரம் 20 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் எல்ல பக்கம் எட்டிப் பார்க்காமல் போவதில்லை. இதோடு போயா விடுமுறை, சித்திரைப் புத்தாண்டு, எமது இரு பெருநாட்கள், பாடசாலை விடுமுறை எல்லாம் சேரும்போது, ஆண்டு முழுவதும் வரவேண்டியவர்கள் சில நாட்களுக்குள் வந்து குவிகிறார்கள். வீதியோ அதே ஒற்றை மலைவீதிதான்.

அந்த வீதியின் ஆபத்தை 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு நாடே கண்டது. சுற்றுலா வந்து திரும்பிய தங்காலை நகரசபை ஊழியர்களின் பஸ் எல்ல – வெல்லவாய வீதியில் பள்ளத்தில் விழுந்து 15 உயிர்கள் பறிபோயின. பகலெல்லாம் சுற்றிவிட்டு, களைத்த சாரதியோடு இரவில் இம்மலையிறக்கத்தில் பயணிப்பது எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தண்ணீர் காட்டும் அறிகுறிகள்

நீர்வீழ்ச்சியடியில் நாம் காணும் தண்ணீர் அங்கே பெய்த மழையல்ல. பல மைல்களுக்கு அப்பால் மலையுச்சியில் பெய்தது. ஆகவே நாம் நிற்கும் இடத்தில் வெயில் எறித்தாலும், மேலே மழை பெய்தால் சில நிமிடங்களில் ஆறு பெருகிவிடும். தமிழ்நாட்டில் பழைய குற்றாலத்தில் 2024 மே 17ஆம் திகதி இவ்வாறு திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவரொருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

தெளிந்திருந்த நீர் கலங்கி மண்ணிறமாவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, நீர் விழும் இரைச்சல் கூடுவது, சற்றுமுன் தெரிந்த கல் மறைவது ஆகியவையே அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருட்களை எடுக்கத் தாமதிக்காமல் பிள்ளைகளோடு கரையேற வேண்டும். கூட்டம் மிகுந்த இடத்தில் இந்த அறிகுறிகள் தெரிவதில்லை என்பதே நெரிசலின் பெரிய ஆபத்து. நூறு பேர் கால் வைத்த தண்ணீர் எப்போதும் கலங்கித்தானே இருக்கும்? நூறு பேர் கூச்சலில் இரைச்சல் எப்படிக் கேட்கும்?

இன்னொன்று: மூழ்குபவர் கைதட்டிக் கூப்பிடுவார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் மூச்சுக்குப் போராடுபவரால் கூப்பிட முடியாது. மூழ்குதல் பெரும்பாலும் ஓசையின்றியே நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

நீர் விழும் இடத்துக்கு நேர்கீழே நிற்பதும் கூடாது. அங்கே நுரையில் காற்றுக் கலந்திருப்பதால் அத்தண்ணீர் உடலைத் தாங்காது. நீச்சல் தெரிந்தவரும் கீழே இழுக்கப்படுவார். தியலுமவின் உச்சியிலுள்ள தடாகங்களோ நேரே பள்ளத்தின் விளிம்பில் இருப்பவை. படத்துக்காக விளிம்புக்குப் போய் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. பதுளைப் பகுதிக்கு மழை மிகுந்த காலம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. டிசம்பர் விடுமுறையும் அதற்குள்ளேயே வருகிறது என்பதைத் தாய்மார் நினைவில் வைப்பது நல்லது.

பெண்களுக்கு இடமெங்கே?

இப்படியான பயணங்களில் பெண்கள் படும் பாட்டை ஆண்கள் அறிவதில்லை. ஆண்கள் சாரத்தைக் கட்டிக்கொண்டு குதித்துவிடுவார்கள். எமக்கோ உடை மாற்ற மறைவிடமில்லை. சுத்தமான கழிவறை இல்லை. சிலர் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், பிள்ளை ஆசைப்படுகிறதே என்று அபாயாவுடனேயே நீரில் இறங்குகிறார்கள். நனைந்த நீண்ட உடை காலைச் சுற்றும், பாரம் கூடும், வழுக்கினால் எழும்ப முடியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீருள்ள இடத்தில் இந்த உடையோடு இறங்கவே கூடாது.

குற்றாலத்துப் பேரருவியில் பெண்கள் குளிப்பதற்கெனத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. எமது நீர்வீழ்ச்சிகளிலும் இவ்வாறு ஓரிடத்தைக் கம்பி கட்டிப் பிரித்து, உடைமாற்றும் அறையும் அமைத்தால், முஸ்லிம் பெண்கள் மட்டுமல்ல, எல்லாச் சமூகத்துப் பெண்களும் பயனடைவார்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. பிரதேச சபைக்கு எழுத்தில் கேட்கலாம். மகளிர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்தும் கேட்கலாம்.

கீழே குடியிருப்பவர்கள்

சில மாதங்களின் பின், தோட்டப் பகுதியில் வசிக்கும் பெண்ணொருவருடன் பேசும் சந்தர்ப்பம் கிடைத்தது. விடுமுறைக் காலத்தில் மேலே கூட்டம் குளித்துச் சாப்பிட்டுப் போனால், கீழே அவர்களுடைய லயத்துப் பீலியில் சவர்க்கார நுரை வருமாம். சோற்றுப் பருக்கையும் வருமாம். ஒருமுறை குழந்தைக்குக் கட்டும் 'பம்பர்ஸ்' வந்து குழாயை அடைத்துக்கொண்டதாம். உடைந்த போத்தலில் அவருடைய மகன் காலைக் கிழித்துக்கொண்டு தையல் போட்டதையும் சொன்னார்.

"அக்கா, நீங்க ஒரு நாள் வந்து குளிச்சிட்டுப் போயிருவீங்க. மத்த நாளெல்லாம் நாங்கதானே இந்தத் தண்ணிய குடிக்கணும்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குத் தலை குனிந்துவிட்டது. நீர்நிலையை அசுத்தப்படுத்தலாகாது என்று மத்ரஸாவில் ஓதிய சிறுவயதிலேயே கற்றவர்களல்லவா நாம்?

பதுளை நகரத்தவரான எமக்கும் இதில் பங்குண்டு. நகரத்தை ஒட்டி ஓடும் பதுளு ஓயாதான் பிறகு துன்ஹிந்தவாக விழுகிறது. புகைபோல எழும் அதன் நீர்த்திவலையே அந்த நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்தது. நகரத்தில் நாம் வீசும் பொலித்தீன் பையே அங்கே பாறையில் தொங்குகிறது. 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் பொலித்தீன் 'லன்ச் சீட்'டுக்குச் சட்டப்படி தடை வந்தது. ஆயினும் சுற்றுலாக் கூட்டம் கலைந்த பின் பார்த்தால் பொலித்தீனுக்குக் குறைவில்லை.

மற்ற ஊர்களில்

நெரிசல் எமக்கு மட்டும் வந்த சோதனையல்ல. இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலில் இருந்து, குறித்த நாட்களில் ஒருநாள் பயணமாக வருபவர்களிடம் 5 யூரோ கட்டணம் அறவிடத் தொடங்கியது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் முன்கூட்டியே பதிந்து அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற முறை, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. இங்கும் பெருவிடுமுறை நாட்களிலாவது வாகனங்களைத் தூரத்தில் நிறுத்தி, மக்களைத் தொகுதி தொகுதியாக அனுமதிப்பது நடக்க முடியாத காரியமல்ல.

ஆனால் கட்டுப்பாடு என்றதும் கச்சான் விற்பவரையும் சோளம் அவிப்பவரையும் முதலில் துரத்துவது நீதியாகாது. இந்தக் கூட்டத்தை நம்பியே அவர்களுடைய அடுப்பு எரிகிறது.

சகோதரிகள் செய்யக் கூடியவை

பயணத்துக்குப் பெருநாளை அண்டிய நாட்களையும் போயா வார இறுதியையும் தவிர்த்து, சாதாரண வார நாளொன்றைத் தெரிவு செய்யுங்கள். விடியற்காலையில் புறப்பட்டால் பத்து மணிக்குள் குளித்துவிட்டுத் திரும்பலாம்; லுஹர் தொழுகைக்கு ஊர்ப் பள்ளிவாசலை அடைந்துவிடலாம். இருட்டுமுன் மலையை விட்டு இறங்கலாம்.

புறப்படுமுன் வானிலையைக் கேளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போது பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகளில் குடும்பம் குடும்பமாகப் புதைந்ததை எவரும் மறக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். மலை எங்கும் போய்விடாது.

பிள்ளைகளைப் "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எல்லோரும் பார்ப்பதென்றால் எவரும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. இன்ன பிள்ளைக்கு இன்னார் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். பொறுப்பெடுத்தவர் சமையலையும் கைத்தொலைபேசியையும் தொடக் கூடாது.

யாராவது மூழ்கினால் உணர்ச்சிவசப்பட்டுக் குதிக்காதீர்கள். ஒரு மையித்து இரண்டாகிவிடும். கயிறு, நீண்ட தடி, முடிச்சுப் போட்ட துப்பட்டா, மூடியிட்ட வெற்றுப் போத்தல், எது கிடைத்தாலும் கரையில் நின்றபடியே நீட்டுங்கள் அல்லது எறியுங்கள். தூக்கியெடுத்தவரைத் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்குவதும் பிழை. மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்த வேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சியில் இதைக் கற்கலாம். வீட்டுக்கொருவர் கற்றால் போதும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பையை முதலிலேயே வானில் வையுங்கள். ஆற்றில் சவர்க்காரமும் ஷம்பூவும் வேண்டாம். குழந்தையின் அசுத்தத்தை நீரில் விடவே வேண்டாம்.

அன்று பிள்ளையைத் தூக்கியெடுத்த இளைஞருக்கு நன்றி சொல்ல நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அவர் கூட்டத்தில் மறைந்துவிட்டார். எந்த ஊர், எந்தச் சமயம் என்றும் தெரியாது. இன்னொருவர் வீட்டுப் பிள்ளைக்கு அவர் செய்த உபகாரத்துக்கு எங்களால் இயன்ற கைம்மாறு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நேராமல் எச்சரிப்பதுதான்.

வரும் பெருநாளிலும் சாச்சி குடும்பம் வருவதாகச் சொல்லியிருக்கிறது. பெருநாள் கழிந்து இரண்டு வாரம் போகட்டும், ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். புறப்படும்போது எண்ணிய 22 பேரையும் திரும்பி வந்ததும் எண்ணிப் பார்ப்பேன். அந்த எண்ணிக்கை குறையாதிருப்பதே பயணத்தின் பெரிய இன்பம்.