தொழிலகத் தொடுதிரைப் பலகைகளுக்கான யூ.எஸ்.பி. இயக்கி

தொழிலகத் தொடுதிரைப் பலகைக்கான யூ.எஸ்.பி. இயக்கி என்பது, ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொடுதிரைப் பலகையைக் கணினியின் இயங்குதளம் அடையாளம் கண்டு, அதனுடன் தரவைப் பரிமாற உதவும் மென்பொருள் ஆகும். திரையில் தோன்றும் பொத்தான்கள், அளவீடுகள், எச்சரிக்கைகள் ஆகியவை அடங்கிய திட்டக் கோப்பு கணினியில் உருவாக்கப்பட்டு, யூ.எஸ்.பி. வடம் வழியாகப் பலகையில் ஏற்றப்படுகிறது. இயக்கி சரிவர நிறுவப்படாவிடின், பலகை நல்ல நிலையில் இருந்தாலும் இப்பணி நடைபெறாது.

பின்னணி

யூ.எஸ்.பி. சீர்தரத்தின் முதற்பதிப்பு 1996ஆம் ஆண்டு சனவரியில் வெளியானது. இந்தியாவில் பிறந்த அஜய் பட் இதன் வடிவமைப்பாளர்களுள் ஒருவர். நொடிக்கு 480 மெகாபிட் வேகம் கொண்ட இரண்டாம் பதிப்பு 2000ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முன்னர் பலகைகள் பெரும்பாலும் ஆர்.எஸ். 232 தொடர் துறை வழியாகக் கணினியுடன் இணைக்கப்பட்டன. மடிக்கணினிகளில் அத்துறை மறைந்தபின், பழைய பலகைகளுக்கு யூ.எஸ்.பி. மாற்றி வடங்கள் பயன்படுகின்றன. இம்மாற்றிகளுக்கும் தனி இயக்கி தேவை.

செயற்படும் விதம்

பலகைகளில் பெரும்பாலும் இருவகைத் துறைகள் காணப்படும். தட்டையான ஏ வகைத் துறை பென் டிரைவ், விசைப்பலகை போன்றவற்றை இணைப்பதற்கானது. பி வகை அல்லது மினி வகைத் துறை கணினியுடன் இணைப்பதற்கானது. இயக்கி தேவைப்படுவது இரண்டாவதற்கே.

வடம் செருகப்பட்டதும் கணினி பலகையிடமிருந்து நிறுவன எண், பொருள் எண் என்னும் இரு அடையாள எண்களைப் பெறுகிறது. விண்டோசு இயங்குதளம் இவ்வெண்களைத் தன்னிடமுள்ள ஐ.என்.எஃப். கோப்புகளில் தேடி, பொருந்தும் இயக்கியை ஏற்றுகிறது. பொருத்தம் இல்லையெனில் சாதன மேலாளரில் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி தோன்றும்.

நிறுவும் முறை

1. பலகையின் மாதிரி எண்ணையும் கணினியின் இயங்குதளப் பதிப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். 32 பிட் இயக்கி 64 பிட் விண்டோசில் இயங்காது. விண்டோசு 11 64 பிட் வடிவில் மட்டுமே உள்ளது.
2. உற்பத்தியாளரின் வடிவமைப்பு மென்பொருளை, வடத்தைச் செருகும் முன்னரே நிர்வாகி உரிமையுடன் நிறுவுதல் நன்று. பல மென்பொருள்கள் இயக்கியையும் உடன் கொண்டுள்ளன.
3. பலகைக்கு மின்சாரம் அளித்து, பின்னர் வடத்தை இணைக்க வேண்டும்.
4. இயக்கி தானாக ஏற்றப்படாவிடின், சாதன மேலாளரில் இயக்கியைப் புதுப்பிக்கும் வசதியைத் தெரிந்து, இயக்கிக் கோப்புறையைக் காட்ட வேண்டும்.
5. எதையும் ஏற்றும் முன், பலகையில் உள்ள திட்டத்தைக் கணினிக்கு மீட்டெடுத்துச் சேமிக்க வேண்டும். திசை மாறினால் பழைய திட்டம் அழிந்துவிடும்.

வழமையான சிக்கல்கள்

* பிழை எண் 28: இயக்கி நிறுவப்படவில்லை. மேற்கண்ட நான்காம் படியைச் செய்யலாம்.
* பிழை எண் 10: சாதனம் தொடங்கவில்லை. இயக்கியை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் நிறுவலாம்.
* பிழை எண் 43: சாதனம் பழுதைத் தெரிவித்ததால் விண்டோசு அதை நிறுத்தியுள்ளது. வடத்தையும் துறையையும் மாற்றிப் பார்த்தல் முதற்படியாகும். வடத்தின் நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது.
* பிழை எண் 52: இயக்கியின் எண்மக் கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை. உற்பத்தியாளரின் புதிய பதிப்பைப் பெறுவதே தீர்வு.
* எந்த எதிர்வினையும் இல்லாமை: மின்னூட்டத்திற்கு மட்டுமான வடத்தில் தரவுக் கம்பிகள் இரா.
* மாற்றி வடம் தெரிந்தும் தொடர்பு கிடைக்காமை: மென்பொருளில் தெரிவு செய்த காம் துறை எண், சாதன மேலாளரில் உள்ளதுடன் ஒத்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். போலிச் சில்லுகளும் காரணமாகலாம். 2014ஆம் ஆண்டில் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் வெளியிட்ட இயக்கி, போலிச் சில்லுகளின் பொருள் எண்ணைச் சுழியாக மாற்றியதால் பல வடங்கள் செயலிழந்தன.

பழைய பலகைக்குப் புதிய இயக்கி கிடைக்காத நிலையில், மெய்நிகர் கணினியில் பழைய விண்டோசை நிறுவி, யூ.எஸ்.பி. இணைப்பை அதற்கு ஒப்படைப்பது வழக்கம்.

மலைப்பகுதிகளில் கவனிக்க வேண்டியவை

தொலைவான இடங்களில் இச்சிக்கல்களின் விளைவு பெரிது. சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டிற்குச் சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டும். இங்குக் காப்பி முதன்மையான தோட்டப்பயிர் ஆகும். காப்பிப் பழங்களைப் பறித்த நாளிலேயே தோலுரிக்க வேண்டும். தாமதித்தால் அவை புளித்துத் தரம் குறையும். அறுவடைக் காலத்தில் தொடுதிரை கொண்ட பதப்படுத்தும் இயந்திரம் ஒன்று நின்றுவிட்டால், ஓர் இயக்கிக் கோப்புக்காக மலையிறங்கி வர நேரமிராது. எனவே இயக்கி, வடிவமைப்பு மென்பொருள், திட்டக் கோப்பின் படி ஆகியவற்றை இணையம் இல்லாமலும் பயன்படுத்தும்படி உடன் வைத்திருத்தல் வேண்டும்.

மழைக்கால ஈரப்பதத்தால் துறையின் தொடுமுனைகள் அரிக்கப்படலாம். பயன்படாத துறைகளை மூடி வைத்தல் நலம். யூ.எஸ்.பி. இணைப்பில் மின் தனிமைப்படுத்தல் இல்லை. நிலத்தொடுப்பு சீராக இல்லாத இடங்களில் மடிக்கணினிக்கும் பலகைக்கும் இடையே மின்னோட்டம் பாய்ந்து துறை எரியக்கூடும். ஏற்றும்போது மடிக்கணினியை மின்கலத்தில் இயக்குவதும், தனிமைப்படுத்தியைப் பயன்படுத்துவதும் இதனைத் தவிர்க்கும்.

பாதுகாப்பு

இயக்கியை நிறுவுவதற்காகக் கையொப்பச் சோதனையை நிரந்தரமாக நிறுத்துவது ஆபத்தானது. 2010ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட சுடக்சுநெட் தீநிரல், யூ.எஸ்.பி. நினைவகங்கள் வழியாகத் தொழிலகக் கணினிகளில் பரவியது. இந்தியாவும் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடுகளுள் ஒன்று. அதன் இயக்கிகள், திருடப்பட்ட சான்றிதழ்களால் கையொப்பமிடப்பட்டிருந்தன. ஆகவே கையொப்பம் இருப்பது மட்டும் போதாது. இயக்கியை உற்பத்தியாளரிடமிருந்தே பெற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* சாதன இயக்கி
* தொடுதிரை
* ஏற்காடு