வீட்டில் எப்படிச் சொல்வது?

வயிற்றுவலியாக வரும் மனச்சோர்வு

வளரிளம் வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்றில்லை. பல பிள்ளைகளிடம் எரிச்சலாக வருகிறது. தம்பியிடம் எரிந்து விழுவார்கள், சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார்கள், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்பார்கள். நாம் அதைத் திமிர் என்கிறோம், இல்லாவிட்டால் செல்போன்மீது பழி போடுகிறோம். சோர்வோ எரிச்சலோ இரண்டு வாரமாக விடாமல் இருந்து, தூக்கமும் பசியும் மாறி, பிடித்த விளையாட்டுகூட வேண்டாமென்று தோன்றினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இது சிகிச்சையால் குணமாகும்.

பிள்ளைகளே, இப்படிச் சொல்லிப் பாருங்கள்

மதிப்பெண் வந்த அன்று வேண்டாம். அம்மா காய் நறுக்கும்போது, அப்பாவோடு வண்டியில் போகும்போது என்று முகம் பார்க்காமல் பேசக்கூடிய நேரம் எளிது. "எனக்கு டிப்ரஷன்" என்று ஆரம்பித்தால் "எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று பேச்சு முடிந்துவிடலாம். நடப்பதை நடப்பதாகவே சொல்லுங்கள்: "அம்மா, மூணு வாரமா ராத்திரி தூக்கமே வரல. எதுலயும் மனசு ஒட்டல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியா?" வாய் வரவில்லையென்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். அம்மா காதில் ஏறவில்லையென்றால் சித்தி, மாமா, வகுப்பாசிரியர் என்று அடுத்தவரிடம் போங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் நேரம் பார்க்காதீர்கள். அன்றே, அப்போதே சொல்லுங்கள்.

பெற்றோருக்கு

"உனக்கு என்ன குறை வச்சோம்?" இந்த ஒரு கேள்வி போதும், பிள்ளை மறுபடி வாய் திறக்காது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கையும் இழுக்காதீர்கள். "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

எங்கே போவது?

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டு கோளாறும் இரத்தசோகையும்கூடச் சோர்வைத் தரும் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தரலாம். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. லேசான நிலையில் ஆலோசனையே போதுமானதாக இருக்கலாம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.