முதுமையின் நடையும் மின்சாரமும்

சேர்வராயன் மலையில், கொட்டச்சேடு போன்ற ஊர்களின் காபித் தோட்டச் சரிவுகளில் வாழ்நாளெல்லாம் ஏறி இறங்கிய ஒரு மூதாட்டி, முதுமையில் தம் வீட்டு வாசலிலேயே தடுமாறி விழுவாராயின், கால் தளர்ந்துவிட்டது என்று உறவினர் சொல்வது வழக்கம். ஆனால் தளர்வது கால் மட்டுமன்று. கண்ணும், பாதத்தின் ஸ்பரிச உணர்ச்சியும், தலையின் சாய்வை அறியும் உட்செவியும் இடைவிடாது மூளைக்கு அனுப்பும் செய்திகளைக் கொண்டே சரீரம் நிமிர்ந்து நிற்கிறது; வயது ஏற ஏற அச்செய்திகள் மங்குகின்றன. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழுகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

உட்செவி மின்சாரத்துக்கு வசப்படும் என்பதைச் சாஸ்திர உலகம் நெடுங்காலமாக அறியும். 1800-இல் வோல்ட்டா தம் மின்கல அடுக்கின் முனைகளை இரு செவிகளிலும் வைத்து, தலைக்குள் அதிர்ச்சியையும் ஏதோ கொதிப்பது போன்ற ஓசையையும் உணர்ந்தார். இன்றைய ஆராய்ச்சியாளரோ, காதுக்குப் பின்னுள்ள எலும்பின்மேல் மின்முனைகளை ஒட்டி, ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைந்த, ஒழுங்கின்றி ஏறி இறங்கும் மின்னோட்டத்தை, அதற்குட்படுபவர் அறியாத வண்ணம் செலுத்துகிறார்கள். மடைவாயை எட்டாது சற்றே தாழ நிற்கும் ஏரிநீர், காற்றெழுப்பும் சிற்றலையால் அவ்வப்போது வழிந்து வாய்க்காலில் இறங்குவதுபோல, நரம்பைத் தூண்டப் போதாத மெல்லிய செய்தியும் இந்தச் சலனத்தின் துணையால் மூளையை எட்டுகிறது. மின்னோட்டம் பாயும்போது முதியோர் பலரின் உடலாட்டம் குறைவதைச் சோதனைகள் காட்டியுள்ளன; அதனால் அன்றாட வாழ்வில் விழுவது குறையும் என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

பக்கவாதத்தால் முன்பாதம் தொங்குவோர்க்கு உதவும் முறை இதனினும் பக்குவப்பட்டது. அமெரிக்க வைத்தியர் லிபர்சன் 1961-இல் வெளியிட்ட அம்முறையில், குதிகால் தரையை விட்டெழும் கணத்தில் காலணியிலுள்ள விசை இயங்கி, முழங்காலருகே ஓடும் நரம்புக்கு மின்துடிப்பை அனுப்ப, பாதம் தானே உயர்கிறது.

மூட்டுவலிக்காகப் பிசியோதெரபி நிலையங்களில் கரண்ட் வைப்பது வேறு. அதே கருவியை வாங்கி வீட்டில் தலையருகே வைத்துப் பார்ப்பது அபாயம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேளாமல் எந்த மின்சிகிச்சைக்கும் உடன்படலாகாது. சுவரைப் பற்றி ஒற்றைக்காலில் நிற்பதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்தமர்வதும் போன்ற பயிற்சிகளே இன்றும் முதல் மருந்து என்பது என் திடமான அபிப்பிராயம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது; மின்தூண்டல் முறைகள் நிரூபணமாகும் நாளில், அவையும் அந்த வழியாகவே, சென்னைக்கு வந்த கையோடு கொட்டச்சேட்டுக்கும் வந்து சேர வேண்டும்.